பழைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினை வீட்டில் டியூன் செய்வது: கையில் கட்டிய கலவை மீட்டரோடு

இந்த அத்தியாயம் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த இன்ஜெக்‌ஷன் கார்களுக்கானது. ஜொகூரில் அப்படிச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது புரோட்டோன் வீராதான். 1993இல் வந்தது, 2009 வரை தயாரானது. மாசாய், ஸ்கூடாய், குளுவாங், எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இன்னும் ஒன்றிரண்டு நிற்கும். அதன் உறவுக்காரர்களான சத்ரியா, புத்ரா, வாஜாவும் கணக்கில் உண்டு. மிட்சுபிஷி வழிவந்த 4ஜி15, 4ஜி92, 4ஜி93, 4ஜி18 எஞ்சின்களை மனத்தில் வைத்துப் படிகளை எழுதியிருக்கிறேன். டொயோட்டா, நிசான், ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். எண்களை மட்டும் உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார்களில் ஸ்கேனரைச் செருகினால் கலவையின் நிலை கைப்பேசித் திரையில் வந்துவிடும். இந்தப் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. அதனால் காரில் ஏற்கெனவே உள்ள ஆக்சிஜன் சென்சாரில் நாமே ஒரு சின்ன மீட்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மீட்டர் பழுதைக் கண்டுபிடிக்க மிக நல்ல கருவி, பவர் ஏற்றுவதற்கு மிக மோசமான கருவி. இதை வைத்து முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோலைக் குறைத்து ‘டியூன்’ செய்யப் போனால் பிஸ்டன் உருகும்.

## கொஞ்சம் விளக்கம், அதற்கு மேல் வேண்டாம்

பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோல் கூடினால் ரிச், காற்று கூடினால் லீன். எக்ஸோஸ்ட் குழாயில் உள்ள சென்சார் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து வோல்ட் தரும். லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம், ரிச் என்றால் 0.8, 0.9 பக்கம். நடுக்கோடு 0.45. 1976இல் போஷ் இதைத் தயாரித்து வோல்வோ காரில் பொருத்தியதிலிருந்து அடிப்படை மாறவில்லை.

சிக்கல் என்னவென்றால் 14.7ஐத் தாண்டும் இடத்தில் வோல்ட் செங்குத்தாகத் தாவும், மற்ற இடங்களில் ஏறக்குறைய படுத்தேவிடும். ரிச்சா லீனா என்பதைச் சென்சார் தெளிவாகச் சொல்லும். எவ்வளவு ரிச் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. 13.5க்கும் 12க்கும் வித்தியாசம் வோல்ட்டில் மிகச் சிறியது, அதுவும் சென்சாரின் சூட்டைப் பொறுத்து மாறும்.

## கை வைக்கும் முன்

1. காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூன்று பக்கம் அடைத்த கார் போர்ச்சில், மழை என்று ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தலைவலி வரும்போதே தாமதமாகிவிட்டது என்று பொருள்.
2. ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காருக்குள்ளேயே வைத்துவிட்டு வேலை பார்ப்பதில் பயனில்லை.
3. அடியில் போக வேண்டியிருந்தால் ஜேக்கை நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள். தார் போட்ட தரை மதிய வெயிலில் இளகும், ஸ்டாண்டின் கீழ் பலகை வையுங்கள்.
4. பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் பம்ப் கனெக்டரைப் பிடுங்குங்கள், எஞ்சின் தானாக நிற்கும் வரை விடுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பின், துணி சுற்றி மெதுவாகத் திறங்கள். சூடான எக்ஸோஸ்ட் மேல் சொட்டுகிற பெட்ரோல் எத்தனையோ காரை எரித்திருக்கிறது.
5. மோதிரம், கைச்சங்கிலி, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ரேடியேட்டர் விசிறி எஞ்சின் நின்ற பிறகும் சுழலத் தொடங்கலாம்.

## உங்கள் காரில் சென்சார் இருக்கிறதா?

எல்லா வீராவிலும் இருக்காது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமல் வந்த பழைய இன்ஜெக்‌ஷன் கார்களில் ஆக்சிஜன் சென்சாரும் இல்லை. அவற்றில் ஐடில் கலவையைத் திருத்த ஒரு சிறு திருகு இருக்கும். எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டிலோ முன்குழாயிலோ ஸ்பார்க் ப்ளக் போல ஒன்று செருகியிருந்து அதிலிருந்து வயர் வந்தால், அதுதான் சென்சார்.

வயர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு வயர் என்றால் அது சிக்னல், எர்த் குழாய் வழியாக. மூன்று என்றால் இரண்டு ஹீட்டருக்கு. நான்கு என்றால் சிக்னலுக்குத் தனி எர்த்தும் உண்டு. போஷ் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோ வகையில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். இவை சென்சாரின் பக்கத்து நிறங்கள். கனெக்டருக்கு அந்தப் பக்கம் கார் வயரிங்கின் நிறம் வேறாக இருக்கும். சில பழைய நிசான்களில் டைட்டானியா வகைச் சென்சார் வரும். அதன் வோல்ட் கணக்கே வேறு, இந்த அத்தியாயம் அதற்குப் பொருந்தாது.

சென்சார் இல்லாத காரில் எக்ஸோஸ்ட் கடையில் ஒரு போல்ட் கண் வெல்டிங் செய்துகொள்ளலாம். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை:

1. மறை 18 மில்லிமீட்டர், பிச் 1.5. வாங்கப்போகும் சென்சாரை எடுத்துப் போய் மறையைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.
2. நான்கு குழாயும் ஒன்று சேர்ந்த பிறகுதான் கண் வர வேண்டும். எக்ஸ்ட்ராக்டரின் ஒரே கிளையில் வைத்தால் ஒரே ஒரு சிலிண்டரின் கதைதான் தெரியும்.
3. குழாயின் மேல்பாதியில், படுக்கைக் கோட்டுக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே. கீழே வைத்தால் காலையில் குழாயில் தேங்கும் நீர் சென்சாரின் பீங்கானை வெடிக்க வைக்கும்.
4. வெல்டிங் செய்யும்போது பேட்டரியும், எஞ்சினின் கணினியான ஈசியுவும் கழன்றிருக்க வேண்டும். சென்சாரைக் கண்ணில் முறுக்கிவிட்டு வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

குறிப்பு: ஹாஃப்கட் கடையில் ஏர் ஃப்ளோ சென்சார் வாங்கலாம், இன்ஜெக்டர் வாங்கலாம், ஈசியுகூட வாங்கலாம். கழற்றிய ஆக்சிஜன் சென்சாரை மட்டும் வாங்காதீர்கள். அது எத்தனை வருடம் எந்தப் புகையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. புதியதாக நான்கு வயர் சென்சார் வாங்குவதே மலிவு.

## மீட்டர்: முதல் வழி

கையில் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் இன்றே தொடங்கலாம். உள்தடை 10 மெகாஓம் உள்ள மீட்டர் வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்கள் அப்படித்தான். முள் ஆடும் பழைய மீட்டர் சென்சாரின் மின்னோட்டத்தையே குடித்துவிட்டுத் தவறான அளவைக் காட்டும்.

1. டிசி 2 வோல்ட் அளவில் வையுங்கள்.
2. கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகிச் சிக்னலைத் தொடுங்கள். வயரின் உறையைக் குத்தாதீர்கள். நவம்பரில் தொடங்கும் மழை ஜனவரி தாண்டுவதற்குள் அந்தத் துளை வழியே செம்பு பச்சை பூத்துவிடும்.
3. கறுப்பு முனையைச் சென்சாரின் எர்த் வயரிலும், அது இல்லையென்றால் எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். கார் பாடியில் வேண்டாம். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே 0.1 வோல்ட் இழப்பு இருந்தாலும் உங்கள் அளவு முழுதும் பொய்.
4. ஓம் அளவில் வைத்துச் சிக்னல் வயரைச் சோதிக்கவே கூடாது. மீட்டரின் சொந்த மின்சாரம் சென்சாரைக் கெடுக்கும்.

மல்டிமீட்டரின் குறை, அது மெதுவானது. சென்சார் வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும்போது திரையில் 0.3, 0.6, 0.5 என்று அர்த்தமில்லாத எண்கள் ஓடும். நின்ற இடத்தில் சோதிக்க இது போதும். ஓடும் காரில் பார்க்க எல்ஈடி வரிசைதான் வசதி.

## மீட்டர்: எல்ஈடி வரிசை கட்டுவது

எல்எம்3914 என்ற 18 கால் ஐசி பத்து எல்ஈடியைத் தானே ஓட்டும். தேவையானவை: ஐசி, அதற்கான சாக்கெட், எல்ஈடி 10, 1.2 கிலோஓம் ரெசிஸ்டர், 10 கிலோஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அரை ஆம்பியர் ஃபியூஸ், துளை போர்டு ஒன்று.

1. கால் 2, 4, 8 மூன்றையும் எர்த்தில் சேருங்கள்.
2. கால் 6ஐயும் 7ஐயும் இணையுங்கள். அங்கிருந்து எர்த்துக்கு 1.2 கிலோஓம்.
3. கால் 3க்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுங்கள்.
4. எல்லா எல்ஈடியின் பாசிட்டிவ் காலும் அதே 12 வோல்ட்டில். நெகட்டிவ் காலில் முதல் எல்ஈடி கால் 1க்கும், இரண்டாவது 18க்கும், மூன்றாவது 17க்கும் போகும். இப்படியே இறங்கி, பத்தாவது கால் 10க்கு.
5. எல்ஈடிக்குப் போகும் 12 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே கெப்பாசிட்டர். இதை விட்டால் எல்ஈடிகள் காரணமில்லாமல் மினுக்கும்.
6. கால் 5க்குச் சென்சார் சிக்னல், நடுவில் 10 கிலோஓம்.
7. கால் 9ஐ எதிலும் இணைக்காதீர்கள். அப்போது ஒரு நேரத்தில் ஒரு புள்ளி மட்டும் எரியும். அதை 12 வோல்ட்டில் இணைத்தால் பட்டையாக எரியும், பார்க்க அழகு, ஆனால் ஐசி சூடாகும். வெயிலில் நின்ற டாஷ்போர்டு மேல் அது நீடிக்காது.
8. மீட்டரின் எர்த்தைத் தனி வயராக எஞ்சின் பிளாக்குக்கே இழுங்கள். சென்சாரின் எர்த் வயரில் மீட்டரின் மின்னோட்டத்தை ஓட விடாதீர்கள், ஈசியு குழம்பும்.

இந்த இணைப்பில் ஒவ்வொரு எல்ஈடியும் 0.125 வோல்ட். 1, 2 எரிந்தால் லீன், அவற்றுக்குச் சிவப்பு வாங்குங்கள். 3, 4 நடு, மஞ்சள். 5, 6, 7 ரிச், பச்சை. 8க்கு மேல் எரியவே கூடாது. எரிந்தால் ஹீட்டரின் 12 வோல்ட் சிக்னல் வயரில் கசிகிறது என்று பொருள், உடனே சாவியை அணையுங்கள். காரில் மாட்டும் முன் ஒரு பென்சில் பேட்டரியும் பொட்டன்ஷியோமீட்டரும் வைத்து மேசையிலேயே 0.1 முதல் 0.9 வரை ஓட்டிப் பாருங்கள்.

## எஞ்சின் முதலில் ஒழுங்காக இருக்கட்டும்

டியூன் கேட்டு வரும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது பராமரிப்பு. இந்த வரிசையை முடிக்காமல் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

1. தெர்மோஸ்டாட். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு’ என்று கழற்றி எறிவது இங்கே பழைய போமன்களின் பழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அது பெரிய தவறாகத் தெரியவில்லை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ஈசியு தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது. ஹைவேயில் எஞ்சின் சூடேறாமலேயே ஓடினால் ஈசியு குளிர்காலம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். புதியது ஒன்றைப் போடுங்கள்.
2. தண்ணீர்ச் சூட்டுச் சென்சார். கனெக்டரைக் கழற்றி ஓம் அளவில் பாருங்கள். மிட்சுபிஷி வகையில் 20 டிகிரியில் 2.1 முதல் 2.7 கிலோஓம், 80 டிகிரியில் 0.26 முதல் 0.36. நம் காலை வெப்பத்தில் முதல் எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். எஞ்சின் சூடான பிறகும் கிலோஓம் கணக்கில் நின்றால் மாற்றுங்கள்.
3. ப்ளக், ப்ளக் வயர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். வீராவில் ப்ளக் இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். என்ஜிகே ப்ளக்கின் எண்ணில் கடைசியில் 11 இருந்தால் அது 1.1 மில்லிமீட்டருக்கானது.
4. எஞ்சின் எண்ணெய். பெட்ரோல் கலந்த பழைய எண்ணெயிலிருந்து ஆவி எழுந்து இன்டேக்குக்குப் போகும். மீட்டர் ரிச் காட்டும், நீங்கள் இன்ஜெக்டரைச் சந்தேகிப்பீர்கள். முதலில் எண்ணெயை மாற்றுங்கள்.
5. வேக்கம் ஹோஸ். இருபது வருட ரப்பர், எஞ்சின் சூட்டில் பிஸ்கட்டாக உடையும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதைவிட மீட்டர் கணக்கில் புது ஹோஸ் வாங்கி மொத்தமாக மாற்றுவது நல்லது.
6. கனெக்டர்கள். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளங்களைக் கோத்தா திங்கிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை நீரில் நின்ற கார் என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

இன்டேக்கில் காற்று கசிகிறதா என்று பார்க்கப் பலர் கார்ப் கிளீனரைப் பீய்ச்சுவார்கள். ஐடில் ஏறினால் அங்கே கசிவு. வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸோஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. நான் பரிந்துரைப்பது பூவுக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர். கசிவில் பட்டால் எஞ்சின் ஒலி ஒரு கணம் மாறும், மீட்டரும் அசையும். டிஸ்ட்ரிப்யூட்டர், ப்ளக் வயர் பக்கம் போகாமல் தெளியுங்கள்.

எச்சரிக்கை: கேஸ்கட்டுக்குச் சாதாரண சிலிக்கான் பூசாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கொல்லும். ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று டியூப்பில் போட்டிருப்பதையே வாங்குங்கள்.

## மீட்டரைப் படிப்பது

ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை எஞ்சினைச் சூடாக்குங்கள். சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல்தான் பேசும். அதற்கு முன் காட்டுவதைப் பொருட்படுத்தாதீர்கள்.

1. 2,500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். ஆரோக்கியமான காரில் ஒளி சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். 10 வினாடியில் 8 தடவையாவது நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். மந்தமாக நகர்ந்தால் சென்சார் கிழடு.
2. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். மிதித்த கணத்தில் பச்சை, விட்டதும் எல்லா ஒளியும் அணையும். விட்டபோது ஈசியு பெட்ரோலை நிறுத்துகிறது, அது பழுதல்ல.
3. ஐடிலில் லீன், 2,500இல் சரி: இன்டேக்கில் காற்றுக் கசிவு. இது ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களின் அடையாளம். இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள கார்களில் அதே கசிவு லீன் காட்டாமல் ஐடிலை ஏற்றிவிடும்.
4. ஐடிலில் சரி, மேடு ஏறும்போது லீன்: பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் தளர்ச்சி.
5. எப்போதும் ரிச்: பெட்ரோல் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது. காய்ந்திருந்தால் ஒழுகும் இன்ஜெக்டரைத் தேடுங்கள்.

சென்சார் இல்லாமல் வந்து, பிறகு நீங்கள் பொருத்திய காரில் ஒளி ஓடாது, ஒரே இடத்தில் நிற்கும். அங்கே ஈசியு அந்தச் சென்சாரைப் பார்ப்பதே இல்லை.

### பொய் லீன்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் டியூன் செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும். ஒரு சிலிண்டரில் ப்ளக் அடிக்கவில்லை என்று வையுங்கள். அங்கே போன காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே எக்ஸோஸ்டுக்கு வரும். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு ‘லீன்’ என்று சொல்லும். ஈசியு பெட்ரோலைக் கூட்டும். கூட்டியது மற்ற மூன்று ப்ளக்கையும் கறுப்பாக்கும். இன்னொரு சிலிண்டரும் தடுமாறும். மீட்டர் இன்னும் சிவப்பு. பட்டறைக்குப் போய் ‘அண்ணே, லீனா ஓடுது, கொஞ்சம் பெட்ரோல் கூட்டி வைங்க’ என்று சொன்னால், அவர் ரெகுலேட்டரை முறுக்கி வைப்பார். அதன் பிறகு ஒரு டேங்க் பெட்ரோல் பாதி தூரம்தான் வரும்.

மீட்டர் லீன் என்கிறது, ஆனால் சைலன்சர் பின்னால் நின்றால் கண் எரிகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, குழாய் முனை கரி. இந்த நிலையில் மூக்கை நம்புங்கள், மீட்டரை நம்பாதீர்கள். பார்க்க வேண்டிய வரிசை:

1. இரவில் விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விடுங்கள். விரிசல் விட்ட ப்ளக் வயர் நம் ஊர் ஈரக்காற்றில் நீலமாகப் பொறி விடும். கையை உள்ளே நீட்டாமல் கண்ணால் மட்டும் பாருங்கள்.
2. எஞ்சினை நிறுத்தி, நான்கு ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் குற்றவாளி அந்தச் சிலிண்டரில்.
3. சென்சாருக்கு முன்னால் எக்ஸோஸ்ட் கசிகிறதா பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் போட்ட கார்களில் கேஸ்கட்டு அடிக்கடி ஊதும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்தக் கசிவு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சென்சார் அதையும் லீன் என்றே எண்ணும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா பாருங்கள். டிக் டிக் என்ற ஒலியும் கேட்கும்.
4. கடைசியாகச் சென்சாரைச் சந்தேகியுங்கள். சட்டென்று மிதித்தும் 0.8 வோல்ட்டைத் தொடவில்லை என்றால் அது போய்விட்டது.

## சரிசெய்யும் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய நிலையைப் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.

1. இக்னிஷன் டைமிங். டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள எஞ்சினில் மட்டும். 4ஜி18 போன்றவற்றில் திருப்ப எதுவும் இல்லை. டைமிங் கனெக்டரை எர்த் செய்தால் மிட்சுபிஷி வகையில் அடிப்படை 5 டிகிரி வர வேண்டும். எர்த்தை எடுத்ததும் 10 பக்கம் போய் ஆடும். ரோன்95 ஊற்றுபவர்கள் அதற்கு மேல் முன்தள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள். மேட்டில் கிணுகிணு என்று ஒலி கேட்டால் உடனே புத்தக அளவுக்குத் திரும்புங்கள்.
2. பெட்ரோல் அழுத்தம். கேஜ் மாட்டி, ஐடிலில் வேக்கம் ஹோஸ் மாட்டியபடி சுமார் 38 பிஎஸ்ஐ, ஹோஸைக் கழற்றி வாயை அடைத்தால் 47 முதல் 50. நிறுத்திய பிறகு ஐந்து நிமிடமாவது அழுத்தம் பெரிதாக விழக்கூடாது.
3. ஐடில். 750, 800 ஆர்பிஎம் பக்கம். த்ராட்டில் நிறுத்தும் திருகு கம்பெனியில் பூட்டியது, அதைத் தொடாதீர்கள். ஐடில் தாழ்ந்தால் முதலில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள்.
4. ஐடில் கலவைத் திருகு. சென்சார் இல்லாமல் வந்த கார்களில் மட்டும். கால் திருப்பாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுங்கள். 5ஆவது அல்லது 6ஆவது எல்ஈடியில் நின்றால் போதும். பிறகு புகை அனலைசர் உள்ள பட்டறையில் ஒருமுறை சரிபாருங்கள். 1996ஆம் ஆண்டின் பெட்ரோல் எஞ்சின் புகை விதிகள் பழைய கார்களையும் விடவில்லை. பெயர் மாற்றப் போகும் நாளில் வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் தெரிந்துகொள்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது மேல்.
5. பேட்டரி நெகட்டிவைச் சில நிமிடம் கழற்றி ஈசியுவின் பழைய நினைவை அழியுங்கள். பழுதோடு ஓடிய காலத்தில் கற்ற திருத்தங்களை அது விட்டுவிட்டுப் புதிதாகக் கற்கட்டும்.

அட்ஜஸ்ட் செய்யும் ரெகுலேட்டரை மாட்டினால் மைலேஜ் கூடும் என்று அக்சசரி கடையில் சொல்வார்கள். அழுத்தத்தை 10 விழுக்காடு ஏற்றினால் பெட்ரோல் ஏறக்குறைய 5 விழுக்காடு கூடும். ஆனால் சாதாரண ஓட்டத்தில் ஈசியு சென்சாரைப் பார்த்து அந்த 5 விழுக்காட்டை உடனே குறைத்துவிடும். மாற்றம் தெரிவது முழு ஆக்சிலேட்டரில் மட்டும். அதையோ நம் மீட்டரால் அளக்க முடியாது. சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவே மாட்டும் பிக்கிபேக் பெட்டிகளின் ஆபத்து இதைவிடப் பெரியது. பெட்ரோலைக் குறைக்க அவை காற்று சிக்னலைக் குறைத்துக் காட்டும்போது, ஈசியு எஞ்சினுக்குப் பாரம் குறைவு என்று நம்பி டைமிங்கையும் முன்தள்ளும். லீனும் முன்தள்ளிய டைமிங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

## சாலையில்

1. ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக்கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்ஈடியையும் ஆர்பிஎம் முள்ளையும் சேர்த்துக் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும்.
2. ஸ்கூடாய் ஹைவேயில் மாலை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். செனாய்–டெசாரு நெடுஞ்சாலை போன்ற நெரிசல் குறைந்த நீண்ட சாலையில், ஞாயிறு காலையில், மழை இல்லாத நாளில் போங்கள்.
3. முதலில் மணிக்கு 90 கிலோமீட்டரில் சீராக. ஒளி ஓட வேண்டும்.
4. பிறகு மூன்றாம் கியரில் 2,500இலிருந்து 4,500 வரை முழு ஆக்சிலேட்டர். ஒளி 6, 7இல் உறுதியாக நிற்க வேண்டும். இந்த வேலைக்கு அதற்கு மேல் சுற்றத் தேவையில்லை, மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற வேக வரம்பையும் தாண்டாது.
5. முழு ஆக்சிலேட்டரில் ஒளி ஒரு கணமாவது மஞ்சளுக்கோ சிவப்புக்கோ இறங்கினால் காலை எடுங்கள். அன்றைய சோதனை முடிந்தது. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுத்தம் என்று திரும்பிப் போய்த் தேடுங்கள்.

ப்ளக் நிறத்தைப் படிக்க விரும்பினால் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டிய உடனே, ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் கழற்றுங்கள். ஜொகூர் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பிய காரின் ப்ளக் எந்த டியூனிலும் கறுப்பாகத்தான் இருக்கும்.

## இந்த மீட்டர் போதாத இடம்

எக்ஸ்ட்ராக்டர், கேம், பெரிய த்ராட்டில், டர்போ, இவற்றில் எதை மாட்டினாலும் அகலவரிசைச் சென்சார் வேண்டும். வைட்பேண்ட் என்று கேட்டால் கடையில் தெரியும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு முழுப் பாரத்தில் 12.5 முதல் 13 வரை நல்ல இலக்கு, டர்போவுக்கு 11 முதல் 12. நண்பரிடம் இரவல் வாங்கலாம். நீங்கள் வெல்டிங் செய்த அதே 18 மில்லிமீட்டர் கண்ணில் அது பொருந்தும். மாட்டியிருக்கும் நேரமெல்லாம் அதன் ஹீட்டருக்கு மின்சாரம் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் எக்ஸோஸ்டில் விட்டு ஓட்டினால் சென்சார் விரைவில் கெடும், நண்பருக்குப் புதியது வாங்கித் தர வேண்டியிருக்கும்.

காரின் சொந்தச் சென்சாரைக் கழற்றித்தான் அதை மாட்ட முடியும் என்றால், அந்தச் சில மணி நேரம் ஈசியு தன் சென்சாரைத் தேடி எஞ்சின் விளக்கை எரிய விடும். வேலை முடிந்து பழையதை மாட்டும்போது மறையில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் தடவுங்கள், முனையில் படாமல். 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போதும். கண் காலியாக இருக்கப் போகிறது என்றால் அதே அளவு மூடித் திருகு போட்டு, எஞ்சின் ஆறிய பின் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.